மேஸ்திரியின் கேமரா

அண்ணனூர்
12 ஜூன் 2025, வியாழன்

கனிக்கு, மாடி வீட்டு குல்ஷன் எழுதுவது.

இரண்டு நாளில் பதினாலு தடவை கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன். கத்தினால் என் மாமியார், பிள்ளைகள், பக்கத்து வீட்டு அஞ்சலை எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். உன் கம்பெனியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பூனாவுக்குச் சாம்பிள் பெட்டி போகிறது என்று உன்னோடு வேலை பார்க்கிற விஷ்ணு சொன்னான். அதில் வைத்து இதை அனுப்புகிறேன். நீயும் காலிப் பெட்டி திரும்பும்போது அதிலேயே பதில் போடு. போன் வேண்டாம்.

முதலில் உன் ஆமை. மேஸ்திரி நன்றாக இருக்கிறான். காலையில் அருகம்புல், பத்து மணிக்குச் செம்பருத்தி இலை, சாயங்காலம் கொல்லையை ஒரு சுற்று. சுவரை முட்டிப் பார்க்கிறான், குழாயை முட்டிப் பார்க்கிறான், எதிலும் திருப்தி இல்லாமல் அடுத்த இடத்துக்குப் போகிறான். நீ வைத்த பெயர் பொருத்தம்தான்.

இப்போது என் விஷயம். கொல்லையில் கேமரா மாட்டும்போது சொல்லிவிட்டுத்தான் மாட்டினாய். "அக்கா, அஞ்சு மாசம் பூனாவுல இருக்கணும், மேஸ்திரியப் பாக்காம இருக்க முடியாது" என்றாய். சரி என்றேன். கூடத்தில் புத்தக அலமாரி மேல் இன்னொன்று வைத்ததை ஏன் சொல்லவில்லை? அந்த வெள்ளை உருண்டையை நான் கொசு மெஷின் என்று நினைத்தேன். இரண்டு தடவை துடைத்துக்கூட வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணி. கதவைப் பூட்டிக்கொண்டு, பூட்டின வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று, முக்காட்டை எடுத்துப் போட்டு, தலையை அவிழ்த்து விட்டு, நைட்டியோடு உன் கூடத்துத் தரையில் ஃபேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். மேஸ்திரி பக்கத்தில் வந்தான். சமையலுக்கு நறுக்கிக்கொண்டு வந்த தக்காளியில் ஒரு துண்டை நீட்டினேன். அலமாரி பேசியது.

"அக்கா, தக்காளி வேணாம்! அவனுக்கு ஆகாது!"

என் உயிர் என்னிடம் இல்லை, கனி. தட்டு உருண்டு எங்கேயோ போனது. முக்காடு கைக்குக் கிடைக்காமல் கால்மிதியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். என்னை அந்தக் கோலத்தில் என் வீட்டுக்காரரைத் தவிர வேறு ஆண் பார்த்ததில்லை. உனக்கு அது தெரியும்.

எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய்? உன் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள்? யோசித்துப் பதில் எழுது.

அந்த உருண்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். தொட்டால் கையை உடைப்பேன் என்று சொல்ல நீ பக்கத்தில் இல்லை.

குல்ஷன்


பூனா
18 ஜூன் 2025

அன்புள்ள குல்ஷன் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சரக்கு வாங்கும் பிரிவில் பெட்டியைப் பிரித்தவர்கள் பேரிங் சாம்பிளுக்கு நடுவில் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அக்கா, நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. கூடத்துக் கேமரா மழை பெய்தால் மேஸ்திரி உள்ளே வருவானே என்பதற்காகக் கடைசி நாளில் வைத்தது. கிளம்புகிற அவசரத்தில் சொல்ல விட்டுப்போயிற்று. ஒளித்து வைக்கவில்லை, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் வைத்தேன். பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் உள்ளது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பதினோரு நிமிடம் பார்த்திருப்பேன். பக்கத்தில் யாரும் இல்லை. நீங்கள் என் அக்கா மாதிரி. என் முன்னால் உங்களுக்கு என்ன கூச்சம்?

இப்போது என் கவலையைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். கூடத்துக் கேமரா சுவரைப் பார்க்கிறது. கொல்லைக் கேமரா ஆள் அசைந்தால் தானாகப் படம் பிடித்து அனுப்பும். பத்து நாளில் நாற்பத்தொரு படம் வந்திருக்கிறது. நாற்பத்தொன்றிலும் நீங்கள். கொடியில் துணி போடுகிறீர்கள், அஞ்சலை அக்காவோடு சுவருக்கு மேலே பேசுகிறீர்கள், புல் பிடுங்குகிறீர்கள். ஒன்றில்கூட மேஸ்திரி இல்லை. நானே திறந்து பார்க்க நேரம் கிடைப்பது பதினொன்றரை மணிக்கு மட்டும்தான். அப்போதும் இல்லை.

நான் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், எங்கே காட்டு என்றுதான் கேட்பேன். பழக்கம் அப்படி. எட்டுக் கிலோ ஆமை ஒரு படத்தில்கூட விழாமல் எப்படி இருக்க முடியும்? கொல்லைச் சுவருக்கு அடியில் குழி பறித்து வெளியே போயிருந்தால்? வனத்துறையில் பதிவு செய்து வளர்க்கிறேன். காணாமல் போனால் பதில் சொல்ல வேண்டியது நான்.

ஞாயிற்றுக்கிழமை விஷ்ணு வந்து பார்ப்பான். சரியாக இல்லை என்றால் பூந்தமல்லியில் பிராணிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சிரமம் குறையும்.

அன்புடன்
கனிமொழி


அண்ணனூர்
26 ஜூன் 2025

கனிக்கு,

எனக்குச் சிரமம் குறைய வேண்டும் என்று நான் உன்னிடம் மனு போட்டேனா?

விஷ்ணு வந்தான். கேட்டைத் திறக்கும்போதே, "அக்கா, ஆமை எங்க கீது? அந்தப் பொண்ணு என் உயிர வாங்குது" என்றான். துணி துவைக்கிற கல்லைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். மேஸ்திரி உள்ளே இருந்து வந்து, இவன் போட்டிருந்த புது ஷூவைச் சுவர் என்று நினைத்து முட்டோ முட்டென்று முட்டினான். விஷ்ணு பின்னால் போகப் போக விடவில்லை. கடைசியில் கொல்லைக் கதவு வரை விரட்டிவிட்டுத்தான் திரும்பினான். "நல்லாத்தான் கீறான்க்கா. நான் எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எழுதியிருப்பான்.

பதினொன்றரை மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த நேரத்தில் அவன் கல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். கேமரா அந்தப் பக்கம் பார்க்காது. நீ உன் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்துவிட்டு ஆமையைக் காணோம் என்கிறாய்.

மற்ற நேரத்தில் ஏன் விழவில்லை என்று நானும் யோசித்தேன். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். சோபாவுக்குப் பஞ்சு அடைக்கிறவருக்கு இதெல்லாம் தெரியுமா என்று நினைக்காதே. கடையில் கேமரா வைத்து நான்கு வருடமாகிறது.

"அது திருடனுக்கு வச்சது குல்ஷன். மேஸ்திரி வேகத்துல எந்தத் திருடன் நடப்பான்? போலீஸ் வந்து, டீ குடிச்சிட்டு, அப்பாலிக்கா புடிக்கலாம்" என்றார்.

அதையும் நான் அப்படியே நம்பவில்லை. எங்கே காட்டு என்று கேட்க உனக்கு மட்டும்தான் தெரியுமா? நேற்று புதன்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நான் கொல்லையில் குழாயிலிருந்து சுவர் வரை நடந்தேன். பிறகு படிக்கட்டில் மறைவாக உட்கார்ந்துகொண்டேன். ஒன்பது இருபதுக்கு மேஸ்திரி அதே குழாயிலிருந்து கிளம்பினான். ஒன்பது நாற்பத்தாறுக்குச் சுவரைத் தொட்டான். வழியில் ஒரு பூவைத் தின்றான். உன் போனை எடுத்துப் பார். ஒன்பது பத்துக்கு நான் இருப்பேன். அவன் இருக்க மாட்டான்.

உன் கேமராவுக்கு உன் ஆமையே தெரியாது, கனி. அது பத்து நாளாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். என் முன்னால் என்ன கூச்சம் என்றும் கேட்டிருக்கிறாய். உன் முன்னால் கூச்சம் இல்லை. நீ கதவைத் தட்டிவிட்டு வந்திருந்தால் அப்படியே படுத்துக்கொண்டு உன்னோடு பேசியிருப்பேன். நீ தட்டவில்லை.

எனக்கு விளக்கம் வேண்டாம். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதி, செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை போடு. போதும். போடாவிட்டால், நீ திரும்பி வருகிற அன்றைக்கு உன் வீட்டுச் சாவி உன் கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு நான் உன் வாசற்படி ஏற மாட்டேன். மேஸ்திரியைப் பற்றிக் கவலைப்படாதே. நீ வருகிற வரை அவன் என் பொறுப்பு. அவன் என்ன தப்பு செய்தான்?

குல்ஷன்


பூனா
4 ஜூலை 2025

அன்புள்ள குல்ஷன் அக்காவுக்கு,

பார்த்தேன். ஒன்பது பத்துக்கு நீங்கள் இருக்கிறீர்கள். கேமராவைப் பார்த்து ஒரு முறை முறைக்கிறீர்கள். அதற்குப் பிறகு பதினோரு மணி வரை ஒன்றும் இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால்தான் அது பதிவு செய்யும். மேஸ்திரி நடப்பதில் அதற்கு வித்தியாசமே தெரியவில்லை. நாலாயிரம் ரூபாய்ச் சாமானை ஒரு முறைகூடச் சோதித்துப் பார்க்காமல் மாட்டிவிட்டு, உங்களைச் சந்தேகப்பட்டேன். ஊரில் உள்ள போல்ட்டை எல்லாம் சோதிப்பவள் இதைச் செய்யவில்லை. அது தப்பு, அக்கா. விஷ்ணுவை அனுப்பியதும் தப்பு. மன்னித்துவிடுங்கள்.

இங்கே எனக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொன்னதில்லை. விடுதியில் ஒரு அறைக்கு மூன்று பேர். மற்ற இருவரும் இந்தியில் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். இருட்டிய பிறகு அறைக்கு வந்ததும் நான் கொல்லைக் கேமராவைத் திறந்து, படத்தைக்கூடப் பார்க்காமல், சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். ஷெட்டுக்குள் போகிற மின்சார ரயில் ஹாரன் அடிக்கும். உங்கள் தையல் மெஷின் கேட்கும். உங்கள் சின்னவனை நீங்கள் திட்டுவது கேட்கும். எனக்கு அண்ணனூரில் சொந்தம் என்று யாரும் இல்லை. சாத்தூரில் இருக்கிற என் வீட்டாருக்கு நான் கல்யாணம் ஆகாத தொல்லை. ஆறு வருடமாக நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கிற உயிர் மேஸ்திரி ஒருவன்தான். அவன் கண்ணில் படவில்லை என்றதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது.

ஒன்று செய்யலாம். அந்தக் கேமராக்களை உங்கள் போனிலும் பார்க்கும்படி அனுமதி கொடுத்திருக்கிறேன். உங்கள் பெரிய மகள் மெஹக்கிடம் சொன்னால் போட்டுத் தருவாள். எனக்கு என்னென்ன தெரிகிறதோ அதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எங்கே வைக்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் கேட்க மாட்டேன்.

அன்புடன்
கனி


அண்ணனூர்
17 ஜூலை 2025

கனிக்கு,

மெஹக் போட்டுக் கொடுத்துவிட்டாள். முதல் நாள் நான் கொல்லையில் நின்றுகொண்டு போனில் என்னையே பார்த்தேன். பின்னால் இருந்து பார்க்க இவ்வளவு குண்டாகத் தெரிவேன் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். கூடத்துக் கேமராவை அலமாரியிலிருந்து இறக்கி, தரையில் ஒரே ஒரு செங்கல் வைத்து அதன் மேல் உட்கார வைத்தேன். இப்போது அதற்குத் தெரிவது மேஸ்திரியும் என் பாதமும். கணுக்காலுக்கு மேல் ஒன்றும் தெரியாது, போனில் பார்த்துச் சரி செய்துவிட்டேன். கொல்லைக் கேமராவுக்கும் செங்கல்தான். துவைக்கிற கல் பக்கம் திருப்பியிருக்கிறேன்.

அடுத்தது, கேமராவுக்கு அவனைத் தெரிய வைக்க வேண்டும். பூந்தமல்லிக் கடைக்குக் கல்யாண ரவிக்கை தைக்கிறேன் அல்லவா, அதில் மீந்த சிவப்புப் பட்டு நூலில் ஒரு குஞ்சம் கட்டினேன். பழைய ஹேர் கிளிப்பிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து அதன் நுனியில் குஞ்சத்தை முடிந்து, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பால் ஓட்டின் உச்சியில் ஒட்டினேன். அவன் ஒரு அடி வைத்தால் குஞ்சம் நான்கு ஆட்டம் ஆடுகிறது. சாயங்காலம் கழற்றிவிடுவேன், காலையில் மாட்டுவேன். அவனுக்கு ஆட்சேபணை இல்லை. முதல் நாள் கொஞ்சம் கழுத்தை நீட்டிப் பார்த்தான். பிறகு தானே கட்டிக்கொண்டது போல நடக்கிறான்.

பக்கத்து வீட்டு அஞ்சலை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, ஆமைக்கு மாப்ள கோலம் போட்டுகினு கீற? பொண்ணு எங்க?" என்றாள். பொண்ணு பூனாவில் இருக்கிறது, போனில் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றேன்.

நீ இரண்டுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். சந்தேகப்பட்டதற்கு, விஷ்ணுவை அனுப்பியதற்கு. நான் கேட்டது மூன்றாவது. அதன் பக்கமே நீ போகவில்லை.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு என்ன என்று உனக்குப் புரியவில்லை போலிருக்கிறது. மேலே இரண்டு அறையில் நாங்கள் ஆறு பேர். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து வரை யாராவது ஒருவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நீ சாவியைக் கொடுத்த பிறகு பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை உன் கூடத்தில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். மேஸ்திரி கூப்பிட மாட்டான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததே இல்லை, கனி. ஏழு நாள் இருந்தது. எட்டாம் நாள் அலமாரி பேசிவிட்டது.

இப்போது இலையைப் போட்டுவிட்டு உடனே மாடி ஏறிவிடுகிறேன். சும்மா சொன்னேன். பரிதாபப்பட வேண்டாம்.

குல்ஷன்


பூனா
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு படம்! மீட்டிங்கில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மேலாளர் வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டுவிட்டார். குஞ்சம் ஆட, பின்னாலேயே மேஸ்திரி கழுத்தை நீட்டிக்கொண்டு வருகிறான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தேன். கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உங்கள் பாதத்தையும் தினமும் பார்க்கிறேன். போன வாரம் மருதாணி போட்டிருந்தீர்கள். நன்றாகச் சிவந்திருந்தது.

மற்றதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் வந்து பேசுகிறேனே, அக்கா. கடிதத்தில் சரியாக வர மாட்டேன் என்கிறது. அக்டோபரில் தீபாவளிக்கு முன்னால் வேலை முடிந்துவிடும்.

அன்புடன்
கனி


வாணியம்பாடி
20 அக்டோபர் 2025, திங்கள்

கனிக்கு,

நீ சனிக்கிழமை வந்துவிட்டாய் என்று அவர் சொன்னார். நான் இங்கே என் தங்கை இஃபத்தின் பிரசவத்துக்கு வந்து எட்டு நாளாகிறது. ஆண் குழந்தை. மேஸ்திரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன், நான் சொன்னபடி உன் கையில் சேர்த்திருப்பார். மேஸ்திரிக்கு அரைக் கிலோ ஏறியிருக்கிறது, எடை போட்டுப் பார்த்துக்கொள்.

நேரில் பேசுகிறேன் என்றாய். நான் ஊரில் இல்லாத நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தாய். அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. இன்று விடியற்காலையில் நடந்ததை உனக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஃபஜர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அதிர்ந்தது. உன் கூடத்துக் கேமரா. மேஸ்திரி இந்நேரத்தில் எழுந்துவிட்டானா, குஞ்சத்தை யார் மாட்டினார்கள் என்று திறந்தேன். நீ அந்தக் கேமராவைச் செங்கல்லிலிருந்து எடுத்து மறுபடி அலமாரி மேல் வைத்துவிட்டாய். என் போனில் அது இருப்பதை மறந்துவிட்டாய்.

உன்னைப் பார்த்தேன். பாவாடையை மாரில் ஏற்றிக் கட்டி, தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் வழிய நடுக் கூடத்தில் நின்றாய். கையில் சீயக்காய்க் கிண்ணம். மேஸ்திரியைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாய். தீபாவளி என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

நான்கு நொடி. அதற்குள் போனைக் கவிழ்த்து முழங்காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். அறையில் இஃபத் இருந்தாள். "இன்னாக்கா, பேயப் பாத்தா மாதிரி கீற?" என்றாள். ஆமை என்றேன். அவள் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. எங்கள் குழந்தை மேல் ஆணையாகச் சொல்கிறேன். இஃபத் தூங்கியதும் அந்த ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

நான் சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் நான் பார்த்தது உனக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

தீபாவளி வாழ்த்து.

குல்ஷன்


அண்ணனூர்
23 அக்டோபர் 2025

அக்கா,

உங்கள் கடிதம் இன்று மதியம் கூரியரில் வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். உள்ளே போய் முதலில் செய்த காரியம், அந்தக் கேமராவின் வயரைப் பிடுங்கியதுதான். பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று நாளுக்கு முன்னால் முடிந்துபோன குளியல். இப்போது போய்ப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். இஃபத் வீட்டில் எத்தனை ஆண்கள், போன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, நான்கு நொடி என்றால் எவ்வளவு நேரம் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. ஒன்று இரண்டு என்று நான்கு வரை எண்ணிக்கூடப் பார்த்தேன். ரொம்ப நேரம், அக்கா.

நீங்கள் ஆணையிட்டு எழுதியிருந்தும் மறுபடி மறுபடி எனக்கு ஒரே கேள்விதான் வந்தது. பக்கத்தில் யார் இருந்தார்கள்? அந்தக் கேள்வியை எங்கே படித்தேன் என்று நினைவு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவினேன்.

அன்றைக்குப் பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள்.

கேன்டீன் மேஜையில் என்னோடு ராஜகுமாரி, நிர்மல், அசெம்பிளி லைனைச் சேர்ந்த இன்னொருவர். நான் பூனா போன புதிது. ஆமை வளர்க்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பாருங்கள் என்று நானே போனை மேஜை நடுவில் சாய்த்து வைத்தேன். திறந்தால் ஆமை இல்லை, நீங்கள் படுத்திருந்தீர்கள். அந்த நிமிடமே மூடியிருக்க வேண்டும். "யார் இது, உன் வீட்டில் இவ்வளவு சுகமாகப் படுத்திருப்பது?" என்று அந்த மூன்றாமவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புது இடத்தில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன் பதினோரு நிமிடம் மேஜை மேல் இருந்தது. தக்காளி என்று கூப்பிட்டதுகூட மேஸ்திரி மேல் உள்ள அக்கறையால் மட்டும் இல்லை. இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும் என்று அவர்களுக்கு வித்தை காட்டத்தான் மைக்கை அழுத்தினேன்.

பக்கத்தில் யாரும் இல்லை என்று எழுதியது பொய். அந்தப் பொய்யை எழுதிய பிறகு மற்ற எதை எழுதப் போனாலும் அது குறுக்கே வந்து நின்றது. அதனால்தான் நான்கு தடவை கிழித்தேன். நேரில் சொல்கிறேன் என்றதும் தள்ளிப்போடத்தான்.

செய்தது தப்பு. உங்களைப் பார்த்தது தப்பு, மற்றவர்களுக்குக் காட்டியது அதைவிடத் தப்பு, பொய் சொன்னது எல்லாவற்றையும்விடத் தப்பு. நீங்கள் நான்கு நொடியில் போனைக் கவிழ்த்துவிட்டு அதையும் எழுதிச் சொன்னீர்கள். நான் பதினோரு நிமிடம் பார்த்துவிட்டு நான்கு மாதம் மறைத்தேன்.

மன்னிக்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. சாவியைக் கலீல் ரகுமான் அண்ணன் சனிக்கிழமையே கொடுத்துவிட்டார். இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது. மேஸ்திரி காலையில் எழுந்ததும் மாடிப்படிக்கு அடியில் போய் நின்று மேலே பார்க்கிறான். குஞ்சம் மாட்ட நான் போனால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறான்.

கனி


வாணியம்பாடி
30 அக்டோபர் 2025

கனிக்கு,

மூன்று பேர் என்ற வரி வரை படித்துவிட்டு, கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து முழுவதும் படித்தேன்.

எனக்கு அது தெரியும்.

அன்றைக்கு அலமாரியிலிருந்து "அக்கா" என்று உன் குரல் வருவதற்கு முன்னால் ஒரு ஆண் சிரித்தது எனக்குக் கேட்டது. அதனால்தான் முதல் கடிதத்திலேயே யோசித்து எழுது என்றேன். யாரும் இல்லை என்று நீ எழுதியபோது சாவியைத் தூக்கி எறியத்தான் கை போனது. மேஸ்திரி காலடியில் நின்றான். எறியவில்லை. சொல்வாளா மாட்டாளா பார்க்கலாம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் காத்திருந்தேன். நான்கு மாதம் காத்திருந்தேன், கனி. உன் ஆமையோடு பழகி எனக்கும் அந்தப் பொறுமை வந்துவிட்டது போலிருக்கிறது.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்த ஆள் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. நீயும் சிரித்தாய் என்று இப்போது தெரிந்துகொண்டேன். அது போகிறபோது போகட்டும், நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் நீ சொல்லிவிட்டாய். கேட்டது கேட்டபடி வந்துவிட்டது. என் வார்த்தையும் வார்த்தைதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். சாவியை அவரிடம் கொடுக்காதே, அஞ்சலையிடமும் கொடுக்காதே. மாடிக்கு ஏறி வந்து என் கையில் கொடு. குஞ்சத்துக்குப் புது நூல் கொண்டு வருகிறேன், பழையது வெளுத்துவிட்டது.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை எனக்கு உன் கூடம் வேண்டும். நீ வேலைக்குப் போயிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் என்றால் எங்கேயாவது வெளியே போ. கேமராவின் வயர் பிடுங்கியபடியே இருக்கட்டும்.

மேஸ்திரி இருக்கலாம். அவன் பார்த்தால் பரவாயில்லை.

குல்ஷன் அக்கா